விதைக்கு விட்ட பழம்

விதைக்கு விட்ட பழத்துல ஒருத்தரும் கை வெக்கப்படாதெண்டு கறுப்பு நூல் கட்டினது நான்தான். மறைக்க என்ன இரிக்கி? தறியில நெய்யிறவள் நான், ஸம்ஸியா. என்ட வீட்டுல நூலுக்குப் பஞ்சமா? தக்காளியில மூணு நல்ல கொப்பாப் பார்த்து ஒவ்வொரு முடிச்சுப் போட்டன். அவ்வளவுதான்.

பழம் கனிஞ்ச மறுகா பிதுக்கி, கொட்டையையும் சாறையும் போத்தல்ல விட்டு வேலியோரம் நிழல்ல வெச்சன். மூணு நாள் புளிச்சாத்தான் கொட்டையில ஒட்டின வழுவழுப்புக் கழலும். மேல வெள்ளையாப் பூஞ்சணம் புடிக்கும், நாத்தம் குடலப் புரட்டும். தக்காளி வெக்கிறவங்களுக்கு இது தெரியும்.

பக்கத்து வீட்டு ஆதிலாக்குத் தெரியாது. அவள்ட கைப்புள்ளைக்குப் பத்து நாளாக் காய்ச்சல், மருந்துக்கும் விடல்ல. வேலிக்கு மேலால எட்டிப் பார்த்தவள் போத்தலக் கண்டாள். கொப்புல கிடந்த கறுப்பு முடிச்சையும் கண்டாள்.

"ராத்தா, என்ட புள்ளைக்கு என்ன செஞ்சி வெச்சிரிக்கீங்க?"

"உனக்கென்ன விசரா? இது தக்காளிக் கொட்டை!"

அதோட நிப்பாட்டியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தா, வாய் புளிச்சதோ மாங்கா புளிச்சதோண்டுதான் கதை. "இப்பிடி அடுத்தவள்ள பழி போட்டா உன்ட புள்ளைக்கு எப்பிடிச் சுகம் வரும்?" எண்டுட்டன். ஆதிலாட முகம் வெளுத்துப் போச்சு.

பின்னேரம் அசறுத் தொழுகைக்குள்ள ஒழுங்கையில வீடு வீடாக் கதை: ஸம்ஸியா சூனியம் வெச்சிட்டாள். ஊர் வாய மூட உலைமூடி இரிக்கா? அந்தப் பேர் எடுத்தவள்ட கையால ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. மவுத்தானாலும் குளிப்பாட்ட ஆள் வராது. யா அல்லாஹ்!

எல்லாருக்கும் முன்னால போத்தலக் கவிழ்த்து, கொட்டைய அலசி, வெள்ளைத் துணியில பரப்பிக் காட்டினன். "வந்து பாருங்களன்!" ஒருத்தரும் கிட்ட வரல்ல. எதிர் வீட்டு நஸீறா தன்ட புள்ளைட கண்ணப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டாள். கொஞ்ச நேரத்தால ஆதிலாட புள்ளைக்கு வலிப்பு வந்து, ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாங்க.

கடலால வந்த என்ட மனிசன் மக்கீனுக்குச் சந்தியிலயே எல்லாம் சொல்லிட்டாங்க. நான் அழுதழுது சத்தியம் பண்ணினன்.

"உன்ன எனக்குத் தெரியாதா, ஸம்ஸியா?" எண்டார்.

அப்பதான் எனக்கு மூச்சு வந்திச்சு. ஊர் என்னவும் கதைக்கட்டும், அவர் இரிக்கார். சோறும் மீனாணமும் போட்டு முன்னால வெச்சன். அவர் கையக் கழுவிக்கிட்டு வந்து குந்தினார். சோத்தப் பிசைஞ்சார். பிசைஞ்ச கை அப்பிடியே நிண்டிச்சு.

"நீ முதல்ல ஒரு வாய் தின்னு" எண்டு உருண்டைய என்ட பக்கம் நீட்டினார்.

இருவத்திரெண்டு வருசத்துல ஒரு நாளும் எனக்கு முதல் வாய் தராத மனிசன், நான் முழுங்கும் வரைக்கும் என்ட தொண்டையையே பார்த்துக்கிட்டிருந்தார்.