மோதிர விரலைப் பற்றி நான் எழுதாதது

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாலாவது பத்தியில் நீங்களே மோப்பம் பிடித்துவிடுவீர்கள். பதினேழு வருடங்களுக்கு முன் நான் ஒரு நாளிதழில் இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கிளாரினெட் கலைஞரை வானளாவப் புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சி அவருடைய கையை முடக்கிப்போட்டது.

(கடைசி வாக்கியம் மிகையா? இரண்டு முறை அடித்தேன். மறுபடி அதையேதான் எழுத வேண்டியிருந்தது.)

2

முதல் தொடக்கம்: “தையற்கடைக்காரரின் மகள், பள்ளி பாண்டு வாத்தியக் குழுவில் யாரும் எடுக்காமல் மிச்சம் கிடந்த கிளாரினெட்டைத் தூக்கியபோது அவளுக்கு வயது பதினொன்று. அன்றைக்கே அவள்...”

வேண்டாம். நடந்தது இதுதான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் முடிவில் கைதட்டல் வந்தாக வேண்டும். ‘அவள்’ என்பதும் வேண்டாம். கதைக்குள் வந்ததும் பெண்களுக்கு மரியாதை போய்விடுகிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்துநாலு வயதில் நகரத்தின் மேற்கத்திய இசைக்குழுவில், கிளாரினெட் வரிசையின் கடைசி நாற்காலி. முப்பத்துமூன்றில் முதல் நாற்காலி, அதாவது தனி வாசிப்புகள் வரும் தலைமை இடம். கச்சேரி இல்லாத மாலைகளில், ஒரு துணிக்கடைக்குக் கீழே நிலவறையில் இருந்த கிளப்பில் ஜாஸ். அங்கே கூட டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசித்தவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டார்.

3

நாற்பதாவது வயதில் வலது மோதிர விரல் மடங்க ஆரம்பித்தது. வலியே இல்லை. அதே விரல் பித்தான் போட்டது, வெங்காயம் நறுக்க ஒத்தாசை செய்தது. வாத்தியத்தைத் தொட்டால் மட்டும் உள்ளே சுருண்டுகொண்டது.

“மூளை சொல்றது விரலுக்குக் குழப்பமாப் போய்ச் சேருது,” என்றார் மருத்துவர். “ஆறு மாசம் வாத்தியத்தைத் தொடாதீங்க. இப்பவே நிறுத்தினா சரியாக வாய்ப்பிருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் கணவர், “நாளைக்கே லீவு எழுதிக் குடு,” என்றார்.

“எழுதிக் குடுத்தா அந்த நாற்காலி எனக்குக் காத்துக்கிட்டு இருக்குமா? இந்த ஒரு கச்சேரி முடியட்டுங்க.”

4

அந்தக் கச்சேரியில் நான் ஏழாவது வரிசையில் இருந்தேன். மெதுவான பகுதி. எல்லோரும் நிறுத்த, கிளாரினெட் தனியாகப் படிப்படியாகக் கீழே இறங்க வேண்டும். கீழ்ச் சுரங்களுக்கு வலது கை வேண்டும். விரல் சுருண்டது. அவர் இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு மேலே ஏறினார். எதிரே வைத்திருந்த இசைத் தாளில் இல்லாத ஒரு மெட்டு. ஜாஸ் மேடையில் அது அன்றாடம் நடப்பது, இங்கே மகாபாவம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

(குழுவைக் கோலசைத்து நடத்தியவரை என்னவென்று எழுதுவது? நடத்துநர் என்றால் டிக்கெட் கிழிப்பவர் வந்து நிற்கிறார். கோல்காரர் என்று வைத்துக்கொள்வோம்.)

மூன்று வரைவுகளில் கோல்காரரை வில்லனாக்கினேன். ஒட்டவில்லை. கச்சேரி முடிந்ததும் அவர் ஒப்பனை அறைக்கு வந்து, “உடம்பு சரியில்லையா? எல்லாருக்கும் தவறும். விடும்மா,” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

காலையில் என் கட்டுரை வந்தது. தலைப்பு: “எழுதிவைத்ததை மீறிய துணிச்சல்.”

நிர்வாகக் குழு கூப்பிட்டு விசாரித்தது. நோய் என்று சொன்னால் இனி எங்கேயும் வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். அவர் என் சொல்லை எடுத்துக்கொண்டார். “வேணும்னுதான் வாசிச்சேன்,” என்றார். அந்த வாரமே வேலை போனது.

5

கிளப் முதலாளி என் தலைப்பைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். மீறியவரைப் பார்க்கக் கூட்டம் வந்தது. வாரத்தில் ஆறு மாலை. ஓய்வெடுக்க வேண்டிய கை ஒரு வாரம்கூட ஓயவில்லை. எந்தச் சுரம் வராதோ அதை விட்டுவிட்டு வாசித்தார். அதையும் பாணி என்றார்கள். இரண்டு வருடத்தில் சுண்டுவிரல் போனது. பிறகு நடுவிரல். பிறகு

(இந்த வாக்கியம் இவ்வளவுதான்.)

6

போன மாதம் கடைவாய்ப் பல் வலியோடு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். முன்மேசையில் நேரம் குறித்துக் கொடுப்பவர் நிமிர்ந்து பார்த்து, “சார், அன்னைக்கு என் வாசிப்பைப் பத்தி எழுதினது நீங்கதானே?” என்றார். மேலே நீங்கள் படித்தது முழுவதையும் மதிய இடைவேளையில், கோபமே இல்லாமல் சொன்னார்.

முடிவு ஒன்று: சிகிச்சையில் விரல்கள் நிமிர்கின்றன. நிமிரவில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவர் மன்னிக்கிறார். கேட்கத்தான் செய்தேன்.

“மன்னிப்பெல்லாம் எதுக்கு சார்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. விரலை மறந்துடுங்க. அன்னைக்கு நான் வாசிச்சது நிஜமாவே நல்லா இருந்துச்சா?”

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். தப்பித்தேன்.

7

அந்தக் கச்சேரியின் வானொலிப் பதிவைத் தேடிப் பிடித்து நேற்றுக் கேட்டேன். அப்போது எனக்குக் கேட்டது துணிச்சல். இப்போது கேட்பது, பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே ஓடும் ஒருவரின் மூச்சு. ஆனாலும் நன்றாக இருக்கிறது. அவருடைய மற்ற பதிவுகளையும் கேட்டுவிட்டேன். எதுவும் இதன் அருகில் வரவில்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? முப்பது வருட சாதகத்தில் வராதது நோயில் வந்தது என்றா? இல்லை, சுமார்தான் என்று பொய் சொன்னால், ஒரு சுமாரான வாசிப்பைப் புகழ்ந்து அவர் கையைக் கெடுத்தேன் என்று ஆகிறது.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் பல்லை அடைக்கப் போக வேண்டும். நேரம் குறித்துக் கொடுத்தவர் அவர்தான். எனக்கு முடிவு எழுத வரவில்லை. நான் என்ன சொல்லட்டும்?