உத்தரவு வாபஸ்

வெள்ளைத் துணியை விலக்கியதும் சாந்தி ஓர் எட்டு பின்னால் வைத்தாள். யாருடைய உடம்பையோ மாற்றிக் கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள் என்று நினைத்தாள். மேலுதட்டில் ஒன்றுமில்லை, உரித்த கோழி போலிருந்தது. நெற்றியில் விபூதி இல்லை, ஏதோ ரோஸ் பவுடர் பூசியிருந்தார்கள். காதுகளில் ஓட்டை மட்டும் இருந்தது. வேட்டிக்கு மேலேயே வலது முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்தாள். கம்பி வைத்த இடத்தின் மேடு கைக்குத் தட்டுப்பட்டது. அவள் புருஷன் கிட்டுசாமிதான்.

“மீசை எங்கடா?” என்றாள்.

இளமாறன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அப்பாவைப் பார்த்தான்.

பிறகு விஷயம் மெதுவாக வெளியே வந்தது. உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து, ஈமக்காரியம் நடத்தும் இந்த ஃப்யூனரல் ஹோமுக்கு எடுத்துவந்த அன்று, நன்றாக நீட்டாக க்ளீன் பண்ணிவிடுங்கள் என்று அவன்தான் போனில் ஆங்கிலத்தில் சொன்னான். நம் ஊரில் குளிப்பாட்டுவதை மனதில் வைத்துச் சொன்னது. இந்த ஊர்க்காரர்கள் அதைச் சவரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அம்மா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல என்று இரண்டு முறை சொன்னான்.

ஃப்யூனரல் ஹோம்காரர் உள்ளே வந்தார். நரைத்த தலை, கறுப்புக் கோட்டு, சத்தமில்லாத ஷூ. ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை இரண்டு கைகளாலும் நீட்டினார். உள்ளே இரண்டு கடுக்கன்.

கிட்டுசாமிக்கு வேலூர். கோட்டையை ஒட்டிய தெருவில் பிறந்து, கோட்டை மதிலுக்குச் சுண்ணாம்பு பூசும் கொத்தனாராக இருந்தவர். அந்தச் சாரத்திலிருந்து விழுந்துதான் காலில் கம்பி ஏறியது. மகன் கிரீன் கார்டு எடுத்து அமெரிக்காவில் எடிசனுக்கு அழைத்து வந்ததும், ஓக் ட்ரீ ரோட்டில் ஓர் இனிப்புக் கடையின் சமையல்கட்டில் வேலைக்குப் போனார். கடுக்கனைக் கழற்று, மீசையை எடு, நெற்றியைத் துடை, சாப்பாட்டு வேலை என்றார் முதலாளி. இவர் மீசைக்கு வலை மாட்டிக்கொண்டார். தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அதுவும் சரிவராது, கழற்று என்றபோது, ஏப்ரனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த கடையிலும் இதே கதை. கடைசியில் ஃப்ரோசன் பெட்டி இறக்கும் குடோனில் சேர்ந்தார். மைனஸ் குளிரில் யாருக்கு யார் காதைப் பார்க்க நேரம்.

ஏன் இப்படி என்று கேட்டால் சிப்பாய்களை இழுப்பார். ஆயிரத்து எண்ணூற்று ஆறில் வெள்ளைக்காரன் வேலூர்க் கோட்டையில் போட்ட உத்தரவு. நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு, மீசையைச் சொன்ன அளவுக்கு வெட்டு, கடுக்கன் கூடாது, தோல் வைத்த தொப்பியைப் போடு. பார்க்க நீட்டாக இருக்கவேண்டுமாம். சிப்பாய்கள் விடியும் முன்பே எழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். உச்சிப்பொழுது வருவதற்குள் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து எல்லாம் முடிந்துபோனது. பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

பக்கத்து அபார்ட்மென்ட் கஸ்தூரிரங்கன், ரிட்டயர்டு இன்ஜினியர், இந்தக் கதைக்கென்றே காபி குடிக்க வருவார். அது வெறும் ம்யூட்டினி, அரை நாள் கலாட்டா, செத்ததுதான் மிச்சம் என்று சீண்டுவார்.

“செத்தாங்க சார். உத்தரவு இன்னா ஆச்சு? வாபஸ் வாங்கினானா இல்லியா? போட்டவனையும் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்புனானா இல்லியா?” என்பார் கிட்டுசாமி.

பாத்திரம் கழுவிக்கொண்டே சாந்தி இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிப்பாய்கள் மேல்தான் எரிச்சல் வரும். அவர் வேலையை விட்டு வந்த ஒவ்வொரு முறையும் அவள் காய்கறிக் கடையில் கூடுதலாக ஒரு ஷிப்ட் நின்று வெங்காயம் உரித்தாள். உங்க காது அழகுக்கு என் கண்ணு எரியுது என்று ஒருநாள் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே வந்து பாதி வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

இப்போது அந்தக் கவரைக் கையில் வாங்கிக்கொண்டு, இதைப் போட்டுதான் அனுப்பவேண்டும் என்றாள்.

“மெட்டல் எதுவும் எரிக்கிற மெஷின் உள்ள போகக்கூடாதாம்மா. அது அவங்க பாலிசி. நான் சைன் பண்ணியாச்சு. ப்ளீஸ், ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க,” என்றான் இளமாறன்.

“அந்தக் கால்ல கம்பி கீதே. அதையும் அறுத்து எடுத்துட்டாரான்னு கேளு.”

அவன் கேட்கவில்லை. அதுவரை சுவரோரமாக நின்றிருந்த மருமகள் பிரீத்தி முன்னால் வந்து, கோட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் காலைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். அது உடம்புக்குள்ளே இருப்பது, அதனால் பரவாயில்லை என்றார்.

“ஒரு சாண் கம்பியைத் தாங்குற நெருப்பு மொளகளவு கடுக்கனைத் தாங்காதா? கேளும்மா,” என்றாள் சாந்தி. நாற்காலி ஒன்றை இழுத்துச் சவப்பெட்டியின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள். “இது காதுல ஏறாம இவரு இங்கேர்ந்து கெளம்ப மாட்டாரு. நானுந்தான். அதையும் சொல்லிடு.”

பிரீத்தி ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

கோட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சனங்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கார் கதவுகள் அறைபடும் சத்தம் கேட்டது. கோவிலிலிருந்து தெரிந்தவர்கள், குடோனில் கூட வேலை பார்த்தவர்கள், இளமாறன் ஆபீஸ்காரர்கள். பெட்டிப் பக்கம் வந்தவர்கள் முகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறி, மாலையை மார்பில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். கஸ்தூரிரங்கன் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். நெற்றி, உதடு, காது என்று அவர் பார்வை போனது.

“மூணையுமா?” என்றார்.

சாந்தி தலையை ஆட்டினாள். அவர் மற்றவர்கள் உட்கார்ந்த பக்கம் போகாமல் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

கோட்டுக்காரர் திரும்பி வந்தார். குனிந்து பிரீத்தியிடம் ஏதோ சொன்னார்.

“ஓகேவாம் அத்தை. வெச்சுக்கலாமாம்.”

காது மடல் ஜில்லென்று விறைத்திருந்தது. திருகு முதலில் நழுவிக் கழுத்துக்குக் கீழே போய்விட்டது. தேடி எடுத்து மறுபடி வைத்தாள். ஊரில் எண்ணெய்க் குளியல் நாட்களில் அவள்தான் கழற்றி மாட்டுவாள், இறுக்கிடாதடி என்பார். இன்று நன்றாக இறுக்கினாள். பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, ரோஸ் பவுடரைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துவிட்டு மூன்று விரலால் இழுத்தாள்.

அப்புறம் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உன் பையில கண்ணு மை கீதா?” என்றாள் பிரீத்தியிடம்.

பிரீத்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மைப் பென்சிலை எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. சாந்தி அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு மூக்குக்குக் கீழிருந்து ஆரம்பித்தாள். பென்சில் வழுக்கியது. கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அடர்த்தியாக்கினாள்.

“இன்னும் கொஞ்சம் தடியா இருக்கும் அத்தை,” என்றாள் பிரீத்தி மெதுவாக.

அவள் இன்னும் ஒருமுறை இழுத்தாள்.

இளமாறன் சன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை, அவளுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது.

“லெஃப்ட் சைடு கீழ எறங்கிடுச்சும்மா. அப்பா மேல முறுக்கி விடுவாரு.”

பென்சிலை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் குனிந்தான். முறுக்கைச் சரியாக ஏற்றினான்.

சுடுகாடு என்று இங்கே தனியாக ஒரு கட்டடம் உண்டு. எல்லாரும் அவரவர் காரில் பின்னாலேயே போனார்கள். பெட்டி உள்ளே நகர்ந்து கதவு இறங்கியது. சுவரில் பச்சை பட்டன் ஒன்று இருந்தது. வீட்டு ஆள் ஒருவர் அழுத்தலாம் என்றார் கோட்டுக்காரர்.

இளமாறன் அம்மாவைப் பார்த்தான். பெண்கள் செய்வதில்லை என்று பின்னால் ஒரு பெரியவர் முனகினார். சாந்தி முன்னால் போனாள். விரலில் ஒட்டியிருந்த மையைத் துடைக்கப் பிரீத்தி டிஷ்யூ நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

உள்ளே உறுமல் கிளம்பியது. அவள் கையை எடுத்தபோது பச்சை பட்டனில் கறுப்பாக ரேகை பதிந்திருந்தது. கோட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பட்டன் அருகே வந்தார். அதைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார்.