பூட்டிய அறையில் ஒரு சுமங்கலி

“ஏலே, அந்தக் கதவ வெளிய பூட்டு. கார் வந்துட்டு,” என்றாள் பிச்சம்மாள்.

திரேஸ்புரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த அவள் மகன் செந்தூர்பாண்டி, கொல்லையை ஒட்டிய கருப்பட்டி அறையைப் பூட்டிச் சாவியைத் தாயிடம் நீட்டினான். உள்ளே இருந்தவள் அவன் மனைவி செல்லக்கிளி.

மூக்கை ஒட்டிய எலும்புக் குழிக்குள் அவளுக்குப் புற்று. மதுரை டாக்டர் உடனே கத்தியை எடுக்கவில்லை. முதலில் நரம்பில் மருந்து ஏற்றினார். கட்டி சுருங்கியது. தலைமுடியும் கொட்டிப்போனது. “இப்பவே வெட்டினால் கண் தப்பும். தள்ளிப்போட்டால் மறுபடி வளரும்” என்று சொல்லி, நாளைக்கு வரச் சொல்லியிருந்தார்.

பிச்சம்மாளுக்கோ ஆவணியில் வரும் மகளின் கல்யாணம்தான் பெரிது. “மூக்கறுபட்டவ வீடுன்னு பேரு வந்தா எவன் பொண்ணெடுப்பான்? ஆவணி கழியட்டும்.” மொட்டைத் தலையோடு சபையில் நிற்பது அதைவிட அபசகுனம். மருமகள் தாய்வீட்டுக்குப் போயிருப்பதாகப் புதுக்கோட்டை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாயிற்று. செந்தூர்பாண்டி அதற்குத் தலையாட்டினான்.

கூடத்தில் நிச்சயத் தட்டுகளைப் பரப்பினார்கள். மாப்பிள்ளையின் தாய் சீனித்தாய் தாலியறுத்தவள். வழக்கப்படி தானாகவே எழுந்து கொல்லைப்புறம் போய் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் ஒரு ஜன்னல். அதில் ஒரு மொட்டைத் தலை.

“நீயும் அறுத்தவளா, ஏளா?”

“இல்ல பெரியம்மா. எம்புருசன் கூடத்துல ஒங்க ஆளுவளுக்கு வெத்தல குடுத்துக்கிட்டிருக்காவ.”

ஜன்னல் கம்பிக்கு இருபுறமும் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. பிறகு சீனித்தாய் எழுந்தாள். பெற்ற மகனின் நிச்சயத்துக்கே ஒதுங்கிப்போனவள், நேராகக் கூடத்துக்குள் நடந்தாள்.

“சம்பந்தி, அந்த ரூம்புச் சாவியக் குடுங்க. இல்லன்னா எங்க தட்டோட நாங்க கெளம்புதோம்.”

பூட்டுத் திறந்ததும் செல்லக்கிளி முக்காடு போடாமல் வந்தாள். பெண்வீட்டுத் தட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்குக் காலைல மதுரைக்குப் போவணும். அவுக கூட வரணும். சபையில சொல்லட்டும், தட்டு கைமாறும்.”

செந்தூர்பாண்டி தாயைப் பார்த்தான்.

“அங்கன என்ன பாக்கிய? வெட்டப்போறது எம்மூக்கு.”

“கூட்டிட்டுப் போறேன்,” என்றான் அவன், தரையைப் பார்த்து.

தட்டு சீனித்தாயின் கைக்குப் போனது. செல்லக்கிளி பிச்சம்மாள் பக்கம் திரும்பினாள்.

“தட்டு மாத்துன சுமங்கலிக்குக் குங்குமம் வைக்கணும்லா, அத்தை? வைங்க.”

பிச்சம்மாள் சிமிழை எடுத்தாள். செல்லக்கிளி நெட்டை. அவள் தலையைக் குனியவில்லை.

பிச்சம்மாள் எம்பித்தான் வைக்க வேண்டியிருந்தது.