கம்பியில் தொங்கிய பெய்யுன்

ஷாங்காய் ஸ்டூடியோ ஒன்றில் நான் பெய்யுனுக்கு ஒப்பனைக்காரி. வாளேந்திப் பறக்கும் பெண்ணாக அவள் நடித்த ஊமைப்படங்களுக்குக் கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. சம்பளம் மட்டும் முதல் படத்துக்கு வாங்கியதேதான். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. "சம்பளத்தை ஏத்தலேன்னா இந்தப் படத்தோட நிறுத்திக்கிறேன்" என்று முதலாளி ஹௌவிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை பறக்கும் காட்சிக்காக இடுப்பில் கம்பி கட்டி, கம்பியின் மறுமுனைக் கயிற்றைப் பிடிக்கும் ஆட்கள் அவளைக் கூரை உயரத்துக்கு இழுத்தார்கள். காட்சி முடிந்தும் இறக்கவில்லை. ஹௌ ஒரு காகிதத்தோடு கீழே வந்து நின்றான்.

"கூட அஞ்சு வருஷம், அதே சம்பளம். கையெழுத்துப் போடுறேன்னு சொல்லு, இறக்கிடுறேன்."

"உங்கப்பன் வந்து தொங்கினாலும் போட மாட்டேன்!"

மேலிருந்து துப்பினாள். அது அவன் பட்டு அங்கியில் விழுந்தது.

ஹௌ சைகை காட்டினான். கயிற்றுக்காரர்கள் தயங்கினார்கள், அவனுடைய அடியாள் தடியை ஓங்கியதும் கயிற்றைத் தளர்த்தி, பாதியில் வெடுக்கென்று பிடித்தார்கள். அவள் விலா முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பெய்யுன் அலறினாள்.

"கேமராவை நிறுத்தாதே, சுத்து!" என்றான் ஹௌ. "இந்த நடிப்பு காசு குடுத்தாலும் வராது."

என் கையில் முடி வெட்டும் கத்தரி இருந்தது. பின்னால் போய் அவன் காதடியில் குத்தினேன். ரத்தம் என் மணிக்கட்டு வரை வழிந்தது.

"இறக்கச் சொல்லுடா. இல்லேன்னா கழுத்தைக் கிழிச்சிடுவேன்."

இறக்கினார்கள். அடியாள் விட்ட குத்தில் என் முன்பற்கள் தெறித்தன. அவன் மறுபடி ஓங்குவதற்குள் கயிற்றுக்காரர்களே பாய்ந்து அவனை அமுக்கினார்கள். பெய்யுன் தவழ்ந்துபோய், விளக்கு நிறுத்தும் இரும்புத் தடியை எடுத்து ஹௌவின் முழங்காலில் ஓங்கி அடித்தாள். அவன் சுருண்டு விழுந்தான். அவள் இன்னொரு அடி போட்டாள்.

"வா அக்கா, போகலாம்."

ஹௌவுக்கு அப்போதும் பேராசை விடவில்லை. அவள் அலறித் துடித்த காட்சியைப் படத்தில் சேர்த்தே வெளியிட்டான். நடிப்பென்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த பெய்யுனின் வக்கீல் நீதிபதியைக் கொட்டகைக்கே அழைத்துப் போனார். கம்பி அறுத்து அவள் சட்டையில் ரத்தம் பரவுவதைத் திரையில் பார்த்த நீதிபதி, ஒப்பந்தத்தை ரத்து செய்தார். ஹௌ அபராதத்தோடு தப்பினான்.

புதுக் கம்பெனி கேட்ட சம்பளம் தந்தது. பறக்கும் வேடம் மட்டும் போயிற்று. விலா சரியாகக் கூடவேயில்லை. குளிர்காலத்தில் மூச்சுக்குத் திணறுவாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்பேன்.

"அவன் முழங்காலும் இந்நேரம் வலிக்கும்ல அக்கா" என்பாள்.