பினிஸ்

என் மகள் ஜென்சி கன்னியாஸ்திரியாகப் போனதே எனக்குப் பிடிக்கவில்லை. போனவளை மொன்றியலில் வைத்திருக்காமல் பப்புவா நியூகினி மலைக்கு அனுப்பியது அதைவிடப் பிடிக்கவில்லை. அவள் நேர்ஸ். நேர்ஸ் தேவைப்படுகிற சனம் இங்கே இல்லையா என்று மடத்துத் தலைவியிடம் மகன் ஜெராட்டைக் கொண்டு கேட்பித்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தேத்தண்ணீர் தந்தார். கேட்டதற்கு மறுமொழி சொல்லாமல் தேத்தண்ணீர் தருகிறவர்களை நான் நம்புவதில்லை.

அவள் இருந்த ஊருக்கு றோட்டு இல்லை. மலையின் முதுகில் புல்லைச் செதுக்கி ஒரு சரிவு வைத்திருக்கிறார்கள். சின்னப் பிளேன் அதிலேதான் இறங்கும். மேகம் மூடினால் அதுவும் இல்லை. மருந்து வராது, உப்பு வராது. சம்பளம் எடுக்கக் கீழே பட்டினத்துக்குப் போன வாத்தியார் திரும்பி வரவேயில்லையாம். பள்ளிக்கூடத்துக்குள் பன்றி படுக்கிறதாம். சாப்பாடு எந்த நாளும் வற்றாளங்கிழங்கு. குளிருக்கு வீட்டின் நடுவில் நெருப்பு, யன்னல் கிடையாது. புகை முழுக்க நெஞ்சுக்குள் போய், பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கிழவன் மாதிரி இருமுமாம். பெண்கள் தலையில் கயிற்றுப் பையைக் கொளுவி, கிழங்கையும் பிள்ளையையும் முதுகில் சுமந்து மலை ஏறுவார்கள். பிள்ளைப்பேறு பிழைத்தால் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பாதிப் பேர் வழியிலேயே முடிந்துவிடுவார்கள்.

பட்டினத்துக்கு இறங்கும் நேரங்களில் ஜென்சி போன் எடுத்துச் சொன்னவைதான் இவ்வளவும். நான் மன்னாரில் கடலுக்குப் போனவன். மலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? "வந்திடு பிள்ளை" என்பேன். "பேந்து பாப்பம் அப்பா" என்பாள். அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஜெராட் எடுத்து இங்கிலீசில் கதைத்தான். பிறகு போன் அவன் கையிலிருந்து விழுந்தது.

"அக்கா செத்துப்போனாவாம்" என்றான்.

என் மனுசி றோசா குசினிக்குள் இருந்து ஓடிவந்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"பட்டினத்து மிஷன் வீட்டிலை இருந்து ஒரு பாதர். போலந்துக்காரர். இப்பதான் புதுசா அங்கை வந்தவராம். மலையிலை இருந்து றேடியோவிலை ஊர் ஆள் ஒருத்தர் சொன்னதாம்."

"பாதர் கண்ணாலை கண்டவரோ?"

"இல்லை. மேகம் மூடியிருக்காம். பிளேன் போகேலாதாம்."

"அப்ப ஒருத்தரும் காணேல்லை." றோசாவிடம் திரும்பி, "நீ அழாதை" என்றேன்.

"கல்லுத்தான் நீ" என்றாள் அவள்.

திருப்பி எடுத்தால் அந்த லைன் கிடைக்கவில்லை. எடுத்து எடுத்து ஜெராட்டின் விரல்தான் நொந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் கோயிலில் எங்கள் ஆட்களுக்குத் தலைவராக இருக்கிற ஹென்றி வந்தார். ஜென்சியின் படத்தைப் பெருப்பித்துக் கறுப்பு நாடாவும் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அவர் பின்னால் பெண்கள் சட்டி பானையோடு நின்றார்கள்.

"யோசெப் அண்ணை, மனதைத் தேற்றுங்கோ. எல்லாம் ஒழுங்குபடுத்திப்போட்டம்."

"ஆரைக் கேட்டு?"

"செத்த வீட்டிலை ஆரைக் கேக்கிறது?"

"இது செத்த வீடு எண்டு உமக்கு ஆர் சொன்னது? நாடாவை அவிழும். இல்லாட்டி உம்மடை வீட்டிலை உம்மடை படத்துக்குக் கட்டும்."

ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். றோசா சிரிக்கவில்லை. "என்னை அழவாவது விடு" என்றாள், எல்லோருக்கும் முன்னால். நான் விடவில்லை. அழுதால் செய்தியை ஒத்துக்கொண்டது மாதிரி எனக்கு.

மத்தியானத்துக்குப் பிறகு மடத்திலிருந்து சிஸ்டர் லூசில் வந்தார். வயதான மனுசி. சப்பாத்தில் அப்பியிருந்த சினோப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். ஜென்சிக்கு முந்தி அதே மலையில் நெடுங்காலம் இருந்தவர். பிரெஞ்சில் அவர் கேட்டதை ஜெராட் எனக்குச் சொன்னான்.

"பாதர் றேடியோவிலை கேட்ட சொல்லை அப்பிடியே சொன்னவரோ எண்டு கேக்கிறா."

"சொன்னவரோ?"

"ஓம். 'சிஸ்டா இ டாய்' எண்டு அந்த ஆள் சொன்னதாம். டாய் எண்டா இங்கிலீசிலை செத்தது தானே."

லூசில் தன் தொடையில் அடித்தார். அந்த நாட்டுப் பாசையை அவர் விளக்கினார். கேட்க இங்கிலீஸ் மாதிரித்தான் இருக்கும், ஆனால் வேறு. 'டாய்' என்றால் மயங்கி விழுவது. ஆள் உண்மையில் செத்தால் 'டாய் பினிஸ்' என்பார்கள். பினிஸ் என்றால் முடிந்தது. பினிஸ் இல்லாத டாய் சாவு இல்லை. புதிதாகப் போகிற வெள்ளைக்காரர் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுவார்களாம். தான்கூட உயிரோடு இருந்த ஒரு கிழவனுக்கு அந்தியக்கிரியைச் செபம் சொல்ல, அவன் எழும்பிச் சாப்பாடு கேட்டானாம்.

வீடு முழுக்கச் சிரிப்பு. ஹென்றிகூடச் சிரித்தார். றோசா இப்போதுதான் அழுதாள், நான் தடுக்கவில்லை. ஜெராட் மட்டும் எழும்பிக் குசினிக்குள் போனான். எனக்கு அவன் போன விதம் பிடிக்கவில்லை. பின்னால் போனேன்.

குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

"அப்பா, பினிஸ் எண்டும் பாதர் சொன்னவர்."

"வடிவாக் கேட்டனியோ?"

"பேந்து என்னவோ நீளமாச் சொன்னவர். எனக்குக் காது அடைச்சுப்போச்சு. ஆனா கடைசியிலை பினிஸ் எண்டது கேட்டது."

தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நான் குழாயைப் பூட்டினேன்.

"கொம்மாவுக்குச் சொல்லாதை."

"சொல்லாமல் எப்பிடி?"

"வாயை மூடு."

திரும்பிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பெண்கள் கொண்டுவந்த சோற்றைப் போட்டார்கள். செத்த வீட்டுக்குச் சமைத்த சோறு, இப்போது கலியாண வீட்டுச் சோறு மாதிரிப் பரிமாறினார்கள். "பாத்தியளோ, அண்ணை சொன்னதுதான் சரி" என்று ஹென்றி எனக்குக் கறி போட்டார். விழுங்கினேன். றோசா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளித்திருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஏலாமல் இருந்தது. நேற்று அவளை அழவிடாமல் வைத்தவன், இன்று அவளைச் சிரிக்க விட்டுவிட்டு இருந்தேன்.

எல்லோரும் போய் இருட்டுப்படுகிற நேரம் போன் அடித்தது. அங்கே விடிந்திருக்கும். ஜெராட் என்னைப் பார்த்தான். நானே எடுத்தேன்.

"அப்பா."

அவள்தான். குரல் தேய்ந்து கிடந்தது.

"சொல்லு."

"மேகம் விலகி விடியப் பிளேன் வந்தது. பட்டினத்திலை ஆசுப்பத்திரியிலை நிக்கிறன். மலேரியா. மயங்கித்தான் விழுந்தனான். பாதர் பிழையாச் சொல்லிப்போட்டார். இப்ப என்னட்டை வந்து மன்னிப்புக் கேக்கிறார்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"பினிஸ் எண்டும் சொன்னதாமே" என்றேன்.

அந்தச் சொல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

"அது எனக்கில்லை. அங்காலை மலையிலை ஒரு பெட்டைக்குப் பிள்ளைப்பேறு பாக்கப் போனன். பிள்ளை பிறந்தது, அவளுக்கு ரத்தம் நிக்கேல்லை. அதுக்கு ஊசி வேணும், மருந்து வந்து மாசக்கணக்கு. தூக்கிக்கொண்டு வரேக்கை வழியிலை அவள் முடிஞ்சிட்டாள். பேந்துதான் நான் விழுந்தது. றேடியோவிலை ரெண்டையும் ஒண்டாச் சொல்லியிருக்கினம்."

"அப்ப பினிஸ் அவளுக்கு."

"ஓம். அவளுக்கு."

"நல்லது" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. மூச்சு மாதிரி வந்தது.

லைனில் கரகரவென்று சத்தம். ஒரு குழந்தை அழுவதும் கேட்டது.

"நல்லதோ அப்பா?"

நான் போனைக் காதோடு அழுத்தினேன்.

"அவளின்ரை தேப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னோடை பிளேனிலை வந்தவர். பால் வேணும் பிள்ளைக்கு. இப்ப எனக்குப் பக்கத்திலைதான் நிக்கிறார். முகம் முழுக்கச் சேறு பூசியிருக்கிறார். அங்கை செத்தா அப்பிடித்தான். நான் ஆரோடை கதைக்கிறன் எண்டு கேட்டவர். என்ரை அப்பாவோடை எண்டு சொன்னன். உங்களைச் சுகம் கேக்கச் சொல்லுறார்."

"பிள்ளை, நீ வந்திடு."

"அவருக்குத் தமிழ் விளங்காதது நல்லதாப் போச்சு" என்றாள். "அம்மாட்டைக் குடுங்கோ."

றோசா போனைப் பறித்துக்கொண்டாள்.