எட்டத்துக்கு ஒரு கண்ணாடி

எனக்குக் கொழுப்பு என்று ஆரையம்பதியில் சின்ன வயதில் இருந்தே சொல்கிறார்கள். ஐம்பத்து நாலு வயதில் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டொக்டரும் அதையே சொன்னபோது சிரித்துவிட்டேன்.

“சிரிக்கிற விசயமில்ல அம்மா. கொலஸ்ட்ரோல் நல்லாக் கூடிக் கிடக்கு” என்றார் அவர். மகன் வயது இருக்கும். நித்திரையைக் கண்டு பல நாளான முகம். “மருந்துக் குளுசை இங்க இல்ல. வெளியில வாங்கினாலும் நீங்க துறை கடந்து வயலுக்குப் போற ஆள். ஆமிச் சென்ட்ரியில குளுசையக் கண்டா ஆருக்குக் கொண்டு போறாய் எண்டு கேப்பானுகள். சாப்பாட்டிலதான் குறைக்க வேணும். தேங்காய்ப்பால், பொரியல், எருமைத் தயிர், றால், கணவாய் எல்லாத்தையும் விடுங்க. நல்லா நடங்க.”

தேங்காய்ப்பால் விடாததை எங்கள் ஊரில் கறி என்றே சொல்லமாட்டார்கள். போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரி வேறு. “நிவாரண அரிசி தின்னுற காலத்தில ஒனக்கு மட்டும் எப்பிடிகா கொழுப்பு வந்த?” என்று வேலிக்கு மேலால் கேட்டாள். செல்லடிக்கும் சுற்றிவளைப்புக்கும் சாகாத நான் சொதிக்குச் சாகமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் திருவலையைக் கழுவிப் பரணில் போட்டேன். தேங்காய் துருவ ஆயுதம் இருந்தால்தானே கை துருதுருக்கும்.

காலையில் குரக்கன் பிட்டும் அவித்த கௌப்பியும். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், புளி விட்டு அவித்த சூடை மீன், தேசிக்காய் பிழிந்த வல்லாரை. முதல் கிழமை வைக்கோல் தின்கிற மாதிரித்தான் இருந்தது. வாய்க்குக் கோபம் வந்தால் வரட்டும் என்று விட்டேன். எனக்கு உயிரோடு இருக்க வேண்டிய வேலை இருந்தது.

வேலை என்றால் வயல். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த நிலம் அது. எனக்குப் பிறகு என் மகள் இராசாத்திக்கு. அவள் குவைத்தில் யாருடைய வீட்டையோ கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிறவளுக்குக் காட்ட என்னிடம் வேறொன்றும் இல்லை. கணவர் போன பிறகு விதைப்பையும் வெட்டையும் கொக்கட்டிச்சோலையில் இருக்கும், எல்லாரும் போடியார் என்று கூப்பிடும் என் அண்ணன் கந்தப்போடி பார்த்தார். நான் துறை கடந்து போய்க் கூட நின்றேன்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது, கண் வழியாக. அருகில் இருப்பதெல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். எட்டத்தில் இருப்பதெல்லாம் மாரிக்காலத்துப் பனி. அண்ணனிடம் சொன்னேன். அவர் கோயில் திருவிழாக் கடையில் ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கித் தந்தார். பெண்பிள்ளைக்குக் கண்ணாடி எதற்கு, அரிசியில் கல் பொறுக்க, ஊசியில் நூல் கோர்க்க என்பது அவர் நினைப்பு. அதைப் போட்டால் எறும்பு எலியளவு தெரிந்தது, வீதி இருந்த இடம் தெரியவில்லை.

மண்முனைத் துறைக்கு இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம், நடுவில் வாவி. வாவியைக் கடக்க ஒரு தட்டைப் படகு, அதைப் பாதை என்போம். சென்ட்ரிக்கு வரும்போது தூரத்திலேயே குடையை மடக்க வேண்டும், கை காட்டினால் நிற்க வேண்டும். ஒருநாள் அவன் கை காட்டியது எனக்குத் தெரியவில்லை. குடையோடு நேரே நடந்தேன். துவக்கை ஏற்றும் சத்தம் கேட்டது. பின்னால் வந்த மீன்காரி என் குடையைப் பறித்து, என்னையும் இழுத்து நிலத்தில் இருத்தினாள்.

கதை என்னை முந்திக்கொண்டு அண்ணனிடம் போய்விட்டது.

“கண் தெரியாத ஆள் வட்டைக்கு வரக்கூடா பூரணி” என்றார். “நீ வீட்டில இரி. ஒனக்குக் கொலஸ்ட்ரோல் வருத்தமும் இரிக்கி. நான் பாக்கிறன்.”

அண்ணன் மனைவி, மச்சாள் இரத்தினம்மா, என் கையில் ஒரு சட்டி எருமைத் தயிரைத் தந்து அனுப்பினாள். தயிரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அண்ணனுடைய சொல்லை யாருக்குக் கொடுப்பது? வீட்டில் இருந்தேன். மூன்று போகம் இருந்தேன். போகத்துக்குப் போகம் என் பங்கு நெல் தேய்ந்துகொண்டே வந்தது. கேட்டால் மழை என்றார், பன்றி என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. கூடப்பிறந்தவர் மேல் வரும் சந்தேகமும் ஒரு நோய்தான். அதற்கு எந்த டொக்டரும் பத்தியம் சொல்லமாட்டார்.

எட்டத்துக்கு ஒரு கண்ணாடி வாங்குவேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். டவுனுக்குப் போவதென்றால் வழியெல்லாம் சோதனை. நடந்துபோகிற தூரத்தில் காத்தான்குடியில் ஆதம்பாவா காக்காவின் கடை இருந்தது, அண்ணன்மாரை அங்கே காக்கா என்பார்கள். சவூதியில் கண்ணாடிக் கடையில் வேலை செய்து வந்தவர். ஆனால் அது காத்தான்குடி, முஸ்லிம்களின் ஊர். தொண்ணூறுக் கொலைகளுக்குப் பிறகு இரண்டு ஊரிலும் சாவீடு விழாத தெரு இல்லை. அங்கே கண்ணாடி வாங்கினால் தன் வாசலை மிதிக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லியனுப்பினார். உங்கள் வாசலைச் சரியாகக் கண்டுபிடித்து மிதிக்கத்தான் வாங்குகிறேன் என்று நானும் சொல்லியனுப்பினேன்.

ஆதம்பாவா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் ஊரில் இருந்து ஆட்கள் வருவது குறைவு.

“வாங்க தங்கச்சி. வெள்ளெழுத்துத்தானே?” என்று ஒரு பெட்டியை எடுத்தார்.

“இல்ல காக்கா. கிட்டத்தில எனக்கு எல்லாம் தெரியும். எட்டத்துக்குத்தான் வேணும்.”

“பொம்புளயளுக்கு எட்டத்தில என்ன பார்வை?”

“சென்ட்ரிக்காரன்ட கை. என்ட வயல்.”

அவர் சிரிக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு வேறொன்றைத் திறந்தார். வட்டமான இரும்புச் சட்டம் ஒன்றை மூக்கில் ஏற்றி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். சுவரில் இருந்த எழுத்தெல்லாம் தெளிந்தது. அது எனக்குப் போதாது. சட்டத்தோடு எழுந்து கடை வாசலுக்குப் போனேன். எழுத்தா என்னைச் சுடப்போகிறது? வீதியைப் பார்த்தேன். பள்ளிவாசல் பக்கம் வந்த ஒருவருடைய கையில் மணிக்கூடு கட்டியிருப்பது தெரிந்தது. திரும்பிக் கடைக்குள் பார்த்தேன். கடைசி மூலையில், பாதி விலகிய திரைக்குப் பின்னால், ஒரு பொதி பாதி பிரிந்து கிடந்தது.

“காக்கா, அது மாட்டிறைச்சியோட ரொட்டிதானே?”

அவர் அவசரமாகத் திரையை இழுத்துவிட்டார். “டொக்டர் எனக்கும் விடச் சொல்லியிரிக்காருதான். கொலஸ்ட்ரோல். என்ட பொண்டாட்டி ஆமினா உம்மாக்கிட்டச் சொல்லிராத புள்ள. இந்த நம்பர் ஒனக்குச் சரி.”

பிறகு சட்டம் தெரிவு செய்யும் சண்டை தொடங்கியது. தங்க நிறத்தில் ஒன்றைக் காட்டினார். வட்டைக்குள் வியர்வை வழிந்தால் வழுக்கும், வேண்டாம் என்றேன். முகம் மறைக்கிற பெரிய சட்டமொன்றை நான் எடுத்தேன். “பெரிசு போட்டா ஓரம் தடிக்கும், பாரம் மூக்கை அறுக்கும்” என்று அவர் பறித்து வைத்தார். அது நியாயம்தான். விழுந்தால் உடையாத பிளாஸ்டிக் வில்லை என்பதில் இருவரும் ஒத்துப்போனோம். கடைசியாக அவர் தன் பெருமையை வெளியே எடுத்தார். வெயிலில் போனால் தானாகக் கறுக்கிற வில்லை.

“சவூதியில இதத்தான் எல்லாரும் கேப்பாங்க. கண்ணுக்குக் குளிர்ச்சி.”

“கறுப்பு வேணாம் காக்கா. சென்ட்ரியில நிக்கிறவனுக்கு என்ட கண் தெரிய வேணும். கண்ண மறைச்சா என்னத்த மறைக்கிறாய் எண்டு கேப்பான்.”

அவர் அந்த வில்லையைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

கண்ணாடி வந்ததும் துறைக்கு நடந்தேன். சென்ட்ரிக்காரன் கை தூக்கியபோது அவன் விரலில் இருந்த மோதிரம்கூடத் தெரிந்தது. குடையை மடக்கி நின்றேன். பாதையில் ஏறி அந்தக் கரையில் இறங்கி, வட்டை வரைக்கும் நடந்தேன். மாரி மழை விட்டிருந்தது. ஊரே பச்சை. கள்ளனைப் பிடிக்கிற வேகத்தில் எங்கள் வரம்பில் ஏறிப் பார்த்தேன்.

பயிர் சொட்டையாகக் கிடந்தது. ஒரு பக்கம் நெருக்கமாக, பக்கத்தில் வெறுஞ்சேறு, திரும்ப நெருக்கம், திரும்பச் சேறு. விதை விழுந்த இடத்திலேயே விழுந்து, விழாத இடம் விழாமலே இருந்தது. யாரும் களவெடுத்த வயல் இப்படி இருக்காது. வயல் குடிசையான வாடிக்குள் அண்ணன் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றது, குரல் கொடுத்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அங்கேயே எனக்கு விசயம் பாதி விளங்கிவிட்டது. “அண்ணன், அந்தா மருதமரத்தடியில கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறது ஆர்?” என்று கேட்டேன்.

அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். “கோணாமலைதான். வேற ஆர்? வட்டை விதானை எண்டா வரம்பு பாக்கத்தானே வேணும்.”

“அது குருவி விரட்டக் கட்டின வைக்கோல் வெருளி, போடியார்” என்றார் கோணாமலை. வட்டையை மேற்பார்க்கும் விதானை அவர், எனக்குப் பின்னால் நின்றார். என்னைக் கண்டு விசாரிக்க வந்தவர்.

அண்ணன் வெற்றிலை உரலைத் தடவித் தேடினார்.

“வட்டையில எல்லாருக்கும் தெரியும்கா” என்று கோணாமலை என்னிடம் மெல்லச் சொன்னார். “அவருக்குக் கண்ணுல பூ விழுந்து போச்சு. விதைச்ச இடமும் தெரியாது, விடுபட்ட இடமும் தெரியாது. ஆனா போடியாருக்கு ஆர் சொல்லுறது?”

அவர் போன பிறகு அண்ணன் வாய் திறந்தார். “தெரிஞ்சா என்னையும் வீட்டில இருத்திருவாங்க பூரணி.”

எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குள்ளே கோபமும் இருந்தது. தனக்கு வரும் என்று பயந்ததை எனக்கு முதலே செய்துவிட்டார். நான் மூன்று போகம் கிட்டத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க எனக்குச் சொன்னதத்தான் நானும் சொல்லுறன்” என்றேன். “கண் தெரியாத ஆள் வட்டைக்கு வரக்கூடா. வெள்ளிக்கிழம துறைக்கு வாங்க. நான் அந்தக் கரையில நிப்பன். ஆஸ்பத்திரியில பூ உரிப்பம், பிறகு கண்ணாடி.”

“எங்க கண்ணாடி?”

“காத்தான்குடியில.”

“நான் வரமாட்டன்.”

“வராதீங்க. வெருளியோட கதைச்சிக்கொண்டிரிங்க. அடுத்த விதைப்பு நான் விதைப்பன்.”

அண்ணனுக்குச் சோறு கொண்டு வந்த மச்சாள் வழமைபோலத் தயிர்ச் சட்டியை நீட்டினாள். சட்டியை வாங்கி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை சென்ட்ரிக்கு இப்பால் வீதியோரம் காத்து நின்றேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பாதை வாவி நடுவில் வரும்போதே கண்டுவிட்டேன், வெள்ளை வேட்டியும் கறுப்புக் குடையும். என் அண்ணனை எட்டத்தில் பார்த்து எத்தனை காலம். கரையில் இறங்கினார். கூட வந்தவர்கள் குடைகளை மடக்கினார்கள். இவர் விரித்த குடையோடு நேரே நடந்தார். சென்ட்ரிக்காரன் கை காட்டினான். இவர் நடந்தார். அவன் திரும்பவும் கத்திக்கொண்டு கை காட்டினான், மற்றக் கை துவக்குக்குப் போனது.

இந்தப் பக்கத்தில் இருந்து உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. போனேன். தடைக் கம்பிக்குக் கீழால் குனிந்து, அவன் போட்ட சத்தத்தைத் தாண்டி நடந்து, அண்ணனுக்கு முன்னால் போய் அவனைப் பார்த்து நின்றேன். துவக்கின் வாய் என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தேன். என் கண்ணாடி வெயிலில் கறுக்காது, என் கண்ணை அவனும் நன்றாகப் பார்க்கட்டும்.

“அவருக்குக் கண் தெரியாது” என்று தமிழில் சொன்னேன். விளங்கினால் விளங்கட்டும். கையைப் பின்னால் நீட்டி அண்ணனின் குடையை மடக்கினேன்.

“ஆர், பூரணியா?” என்றார் அவர்.

“ஓம். அசையாம நில்லுங்க.”

சென்ட்ரிக்காரன் என்னை நிறைய நேரம் பார்த்தான். பிறகு துவக்கை இறக்கினான். அந்தக் கையாலேயே எங்களைப் போகச் சொல்லிக் காட்டினான், அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.