துடைத்த சோழிகள்

அருங்காட்சியகத்தில் எல்லோரும் 'சோழியக்கா' என்று கூப்பிடும் ஆராய்ச்சியாளர், காலையில் வந்ததும் கண்ணாடிப் பெட்டியின் முன் அப்படியே நின்றுவிட்டார். பத்து மணிக்குக் கண்காட்சித் திறப்பு. மேல்தட்டில் இன்றும் கடலில் வாழும் சோழி வகைகள், கீழ்த்தட்டில் அவற்றின் புதைபடிவ உறவுகள். எல்லாமே பளபளத்தன.

"அக்கா, கீழ்த்தட்டுல ஒவ்வொண்ணுலயும் யாரோ மையால கிறுக்கி வெச்சிருந்தாங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டேன்," என்றார் கண்காட்சியை அலங்கரிக்க வந்தவர் பெருமையாக.

"அந்த யாரோ நான்தான். அது கிறுக்கல் இல்ல, எண். எந்தப் பாறையில கிடைச்சதுன்னு அதை வெச்சுத்தான் தெரியும்."

"நோட்டுல எழுதியிருப்பீங்களே?"

"எழுதியிருக்கேன். எந்த எண் எந்தச் சோழியோடதுன்னு இனி நோட்டா வந்து சொல்லும்?"

கீழ்த்தட்டின் நாற்பத்தொரு வெள்ளைச் சோழிகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் கிடந்தன. யார் முன்னோர், யாருடைய வம்சம் பாதியில் அற்றுப்போனது என்று பிரித்தறிய அவருக்கு ஒன்பது வருடம் பிடித்திருந்தது.

"பார்க்கிறவங்களுக்கு என்னக்கா தெரியப்போகுது? சரி, இதுல எது ரொம்பப் பழசு?"

"நேத்து வரைக்கும் தெரியும்."

சோழியக்கா கீழ்த்தட்டை உருவிக்கொண்டு தன் அறைக்கு நடந்தார்.

"அக்கா, அந்த இடம் காலியா இருந்தா அசிங்கமாயிருக்குமே. பூ வைக்கட்டுமா?"

அறைக் கதவு சாத்திக்கொண்டது.